வைஃபை இருந்தால் டவர் எதற்கு?

"ஃபைபர் நெட் போட்டாச்சு. இனி டவர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? 108 வரைக்கும் வைஃபையிலேயே பேசிடலாம்." ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. இதில் பாதி சரி. மீதிப் பாதி ஆளைக் கவிழ்த்துவிடும்.

சரியான பாதியை மறுக்கவில்லை. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் தொடங்கிய வைஃபை காலிங், கனத்த சுவர் வீட்டின் உள்ளறைக்கு வரப்பிரசாதம்தான். அதே நம்பர், அதே டயல் பேட், தனிக் கட்டணமும் கிடையாது. வாட்ஸ்அப் கால் வேறு. அதில் 108-ஐக் கூப்பிடவே முடியாது.

இனி மீதிப் பாதி. கரண்ட் போனால்? "இன்வெர்ட்டர் இருக்கே" என்பார்கள். ரௌட்டர் அந்த லைனில்தான் இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? வீட்டில் விளக்கு எரிந்தாலும், மழைக்காற்றில் கம்பத்து ஃபைபர் அறுந்தால் பேச்சும் அறுந்தது.

நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாமே நின்றுவிடும் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. வைத்தியநாதர் சன்னதியில் வயிற்றுவலி தீர்ந்த திருமலை நாயக்கர், இங்கே பூஜை முடிந்த சேதி மதுரைக்கு எட்டிய பிறகே சாப்பிடுவாராம். வழிநெடுக நகரா மண்டபங்கள் கட்டி முரசொலியை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தினார்கள் என்பது ஊர்க்கதை. நடுவில் ஒரு முரசுக்காரர் கண்ணயர்ந்தாலும் ராஜாவுக்குப் பட்டினிதான். ரௌட்டர், கம்பத்து ஃபைபர், நெட் கம்பெனி, சிம் கம்பெனி என்று வைஃபை அழைப்புக்கும் அத்தனை மண்டபங்கள்.

"கூப்பிட்டாலே நாம இருக்கிற இடம் தெரிஞ்சிடும்" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான நம்பிக்கை. டவர் வழி போனால் எந்த டவர் என்ற துப்பாவது கம்பெனியிடம் இருக்கும். ரௌட்டர் வழி போனால் அதற்கும் உறுதியில்லை. இணையத் தொலைபேசியில் அவசர எண் வசதியைக் கட்டாயமாக்க வேண்டாம், ஆனால் அதன் குறைகளை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-லேயே பரிந்துரைத்தது. சிம் விற்ற கடையில் உங்களிடம் யாராவது சொன்னார்களா?

108-ஐ எடுப்பவரோ எங்கோ வெளியூரில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நம் தெருவெல்லாம் தெரியாது.

ஆகவே ஆபத்து நேரத்தில் ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் வாசலுக்கு வந்து டவரிலேயே பேசுங்கள். 'அவசர அழைப்பு மட்டும்' என்று திரையில் வந்தால் 112 அடியுங்கள். வேறு கம்பெனி டவர் அதை எடுத்துக்கொள்ளும். எதில் பேசினாலும் ஊர், தெரு, பக்கத்துக் கோயில், இந்த மூன்றையும் முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள்.