இரண்டும் இரண்டும் எத்தனை?

இரண்டும் இரண்டும் எத்தனை என்று பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டால் நாலு என்பான். எழுத்து வாசனையே இல்லாத கிழவியைக் கேட்டாலும், விரலை மடக்கிப் பார்த்து நாலு என்றுதான் சொல்லுவாள். இதைச் சொல்லுவதற்குச் சர்க்காரின் உத்தரவு வேண்டுமா என்று யாராவது கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால், ஒரு மனிதனைக் கட்டிலோடு கட்டிப் போட்டு, நாலு விரலைக் காட்டி, இவை ஐந்து என்று சொல், வாயால் சொன்னால் போதாது, மனதார நம்பு என்று ஓர் அரசாங்கம் வதைப்பதாக ஒரு கதை எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கதைதானே என்று தள்ளிவிட முடியாது என்பதை எடுத்துக் காட்டவே இவ்வாரம் எழுத முன்வந்தோம்.

கதையின் பெயர் "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு." 1949-ம் வருஷம் ஜூன் மாதத்தில் லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல் என்னும் புனைபெயர் கொண்ட எரிக் பிளேர். ஆங்கிலேயரானாலும் அவர் 1903-ல் பிறந்தது பீஹாரிலுள்ள மோதிஹாரியில். தகப்பனார் சர்க்கார் அபினி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். மகன் 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாயிருந்து, ஒரு தேசம் மற்றொரு தேசத்தை அடக்கி ஆளுவதற்குத் தான் கைத்தடியாயிருப்பதில் அருவருப்புற்று உத்தியோகத்தை உதறியவர். ஆதலால், அதிகாரம் என்பது எப்படி நடக்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவர் என்றே சொல்ல வேண்டும்.

கதை நடக்குமிடம் லண்டன். அங்கு ஒரே கட்சியின் ஆட்சி. கட்சிக்குத் தலைவர் "பெரியண்ணன்." அவரை நேரில் கண்டவர் இன்னாரென்று தெரியாது, ஆனால் அவர் படமில்லாத சுவர் கிடையாது. கட்சிக்காரர் வீட்டுக்குள்ளே ஒரு திரை இருக்கும். அது வீட்டிலுள்ளவனுக்குச் செய்தியும் சொல்லும். வீட்டிலுள்ளவனை வேவும் பார்க்கும். வின்ஸ்டன் ஸ்மித் என்னும் 39 வயதுக் குமாஸ்தாவுக்குச் "சத்திய" இலாகாவிலே வேலை. சத்திய இலாகாவின் வேலை என்னவென்றால், பொய் தயாரிப்பது! நேற்றுத் தலைவர் சொன்னது இன்று பொய்த்துப் போனால், நேற்றைய பத்திரிகையைத் திருத்தி அச்சிட்டு, பழைய பிரதியை அடுப்புக்குப் போகும் ஒரு பொந்தில் போட்டுவிட வேண்டும். அந்தப் பொந்துக்கு "ஞாபகப் பொந்து" என்று பெயர்.

ஒரு உதாரணம் பாருங்கள். இந்த வருஷம் சாக்லேட் பங்கீடு குறையாது என்று சர்க்கார் வாக்குக் கொடுத்திருந்தது. பிறகு 30 கிராமை 20 கிராமாகக் குறைத்தது. உடனே பழைய வாக்குறுதி பத்திரிகையிலிருந்து மறைந்து, ஒருவேளை குறைக்க நேரிடலாம் என்ற எச்சரிக்கை அந்த இடத்தில் ஏறிவிட்டது. மறுநாளே, பங்கீட்டை 20 கிராமாக உயர்த்திய பெரியண்ணனுக்கு நன்றி சொல்லி ஜனங்கள் ஊர்வலம் போனதாகச் செய்தி! கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த நாட்டிலோ, நெய் வடியவில்லை என்று நினைத்தவனுக்குத்தான் தண்டனை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதோடு அவர்கள் நிற்பதில்லை. பூசணிக்காய் என்ற ஒன்று உலகத்தில் இருந்ததே இல்லை என்று சாப்பிடுகிறவனையே சத்தியம் செய்யச் சொல்லுகிறார்கள்.

பீரங்கியும் போலீசும் கையிலுள்ள ஒரு சர்க்கார், பழைய காகிதத்தைக் கண்டு இவ்வளவு பயப்படுவானேன் என்று கேட்கலாம். காரணம் சுலபமானது. நேற்று எப்படி இருந்தது என்று தெரிந்தவன்தான் இன்று கெட்டுப் போயிருக்கிறது என்று சொல்ல முடியும். நேற்றை அழித்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் ஏது? கடன் கொடுத்தவனே கணக்கும் எழுதி, பத்திரத்தையும் தன் பெட்டியிலேயே பூட்டிக்கொண்டால், வாங்கியவன் எத்தனை தடவை கட்டினாலும் கடன் தீராதல்லவா? ஒரு தேசத்தின் ஞாபகத்தை ஆளுகிறவன் கையில் ஒப்படைப்பதும் அப்படித்தான். அதுவும் போதாதென்று அந்தக் கட்சி பாஷையிலும் கை வைக்கிறது. வருஷா வருஷம் அகராதியிலிருந்து வார்த்தைகளை நீக்குகிறார்கள். சுதந்திரத்தைக் குறிக்க வார்த்தையே இல்லாமற் போனால், அதை வேண்டுமென்று கேட்க ஒருவனுக்கு வாய் ஏது என்பது அவர்கள் கணக்கு.

பழைய கொடுமைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தையும் கவனிக்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கலிலியோவை 1633-ல் ரோமாபுரி மத விசாரணைக்காரர்கள் முழந்தாளிடச் செய்து, தன் கொள்கையை மறுத்துச் சொல்லும்படி செய்தார்கள். சாகும் வரையில் காவலில் வைத்தார்கள். ஆனாலும் அவர் மண்டைக்குள் பூமி சுற்றிக்கொண்டுதான் இருந்தது! வாய் மறுத்தால் அவர்களுக்குப் போதும். ஆர்வெல் காட்டும் ஆட்சிக்கு அது போதாது. மண்டைக்குள்ளும் பூமி நிற்க வேண்டும். கடைசியில் வின்ஸ்டன் ஐந்து என்பதை ஒப்புக்கொள்ளுவது மாத்திரமல்ல, பெரியண்ணனை நேசிக்கவும் தொடங்கிவிடுகிறான். இதைவிடப் பெரிய அடிமைத்தனம் வேறு உண்டா என்று கேட்கின்றோம்.

இது நிற்க, இதெல்லாம் ஒரு ஆசிரியரின் கற்பனை என்று சொல்லுவோருக்கு இரண்டொரு சங்கதி சொல்லுகிறோம். சோவியத் ரஷ்யாவில் ஐந்து வருஷத் திட்டத்தை நாலு வருஷத்தில் முடிப்போம் என்பதற்கு, இரண்டும் இரண்டும் ஐந்து என்றே விளம்பரம் ஒட்டினார்கள். அங்கு இரகசியப் போலீசுக்குத் தலைவராயிருந்த யெஷோவ், மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று உண்டு. 1940-ல் யெஷோவைச் சுட்டுக் கொன்றார்கள். பிறகு வெளிவந்த அதே படத்தில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடிற்று! யெஷோவுக்குப் பின் அதே பதவிக்கு வந்த பேரியாவும் 1953-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். உடனே பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்துக்குச் சந்தா கட்டியவர்களுக்குப் புதுத் தாள்கள் வந்து சேர்ந்தன. பேரியாவைப் பற்றிய பக்கங்களைக் கத்திரித்து எடுத்துவிட்டு, பேரிங் கடல் முதலியவை பற்றிய இந்தத் தாள்களை ஒட்டிக்கொள்ளவும் என்று உத்தரவு. கதை வந்தது 1949-ல்; இது நடந்தது 1954-ல். கதையை நிஜம் காப்பி அடித்தது என்றே சொல்லலாம்.

அந்த நாட்டிலேயே இந்த ஆபத்தை முன்கூட்டிச் சொன்ன ஒருவரும் இருந்தார். சமியாத்தின் என்னும் ருஷ்ய ஆசிரியர், மனிதருக்குப் பெயருக்குப் பதில் எண்ணும், கண்ணாடிச் சுவர் வீடும் கொடுத்து, கற்பனைச் சக்தியையே அறுவை செய்து எடுத்துவிடும் ஒரு ராஜ்யத்தைப் பற்றி "நாம்" என்ற நாவல் எழுதினார். அது 1924-ல் இங்கிலீஷில் வந்தது. சொந்த தேசத்தில் அச்சாக 1988 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆனால், இதைக் கேட்டு, ருஷ்யாக்காரன்தான் அப்படி, மற்றவரெல்லாம் யோக்கியர் என்று யாரும் திருப்தியடைந்துவிட வேண்டாம். ஆர்வெல் ஒரு சமதர்மவாதி. ஸ்பெயின் தேசத்தில் பாசிஸ்டுகளுக்கு எதிராகத் துப்பாக்கி பிடித்து, 1937-ல் தொண்டையில் குண்டு பாயப்பெற்றவர். அங்கு தன்னோடு நின்று போராடியவர்களையே பாசிஸ்டுக் கையாட்கள் என்று, தன் பக்கத்தாரான கம்யூனிஸ்டுகளின் பத்திரிகைகள் எழுதியதைப் பார்த்தார். பார்த்ததை ஒளிக்காமல் எழுதினார். எதிரியின் பொய்யைக் கண்டிக்க எவனாலும் முடியும்; தன் கட்சிப் பொய்யைக் கண்டிப்பதற்கே நெஞ்சு வேண்டும். பிறகு அவர் "விலங்குப் பண்ணை" எழுதியபோது, ருஷ்யா யுத்தத்தில் நேச நாடாயிற்றே என்று சுதந்திர இங்கிலாந்தின் பிரசுரகர்த்தர்கள் பலர் அதை வாங்க மறுத்தார்கள். 1945-ல்தான் அது வெளிவந்தது. சவுக்கில்லாமலும் வாய் கட்டப்படும் என்பதற்கு இது அத்தாட்சி.

சவுக்கே வேண்டாம், வெல்லம் போதும் என்று காட்டிய கதையும் உண்டு. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-ல் வெளியிட்ட நாவலில் ஜனங்களுக்குக் கவலை தீர்க்கும் மாத்திரையும் ஓயாத கேளிக்கையும் கொடுத்து, பழைய சரித்திரம் ஒன்றும் தேவையில்லை என்று பழக்கிவிடுகிறார்கள். யாரும் கேட்பதில்லை; ஆதலால் யாரையும் அடிக்க வேண்டியதும் அதிகமில்லை. இந்த வழிதான் நம் காலத்துக்கு அதிகமாகப் பொருந்துமோ என்று சந்தேகிக்கிறோம். 2009-ம் வருஷம் ஜூலை மாதத்தில் நடந்ததைக் கேளுங்கள். அமேசான் கம்பெனியின் மின்னணுக் கருவியில் இதே ஆர்வெல் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கியிருந்தவர்களின் கையிலிருந்தே அது திடீரென்று மறைந்துபோயிற்று. விற்றவருக்குப் பிரசுர உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். அதில் கொடுங்கோன்மை ஒன்றும் இல்லைதான். ஆனால் நம் வீட்டுப் புத்தகத்தை எங்கேயோ இருக்கும் ஒருவர் நம்மைக் கேட்காமலே எடுக்க முடியும் என்பது அன்று விளங்கிற்றா இல்லையா? நல்லவர் கையிலிருக்கும் சாவி நாளைக்குப் பொல்லாதவர் கைக்கு வராது என்று யார் ஜாமீன் கொடுக்க முடியும்?

ஆகவே தோழர்களே! இந்தக் கதைகளிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றே. பொய் சொல்லுகிறவன் பலத்தால் மாத்திரம் பொய் ஜெயிப்பதில்லை. கேட்கிறவனின் மறதியாலும், நமக்கென்ன என்ற அலக்ஷியத்தாலுமே ஜெயிக்கிறது. அந்தக் கதையிலேயே எதிரி நாடு எது என்பதை ஒரு பிரசங்கி பேச்சின் நடுவே மாற்றிவிடுகிறான். கூட்டத்தில் ஒருவராவது, இதுவரை வேறு பெயர் சொன்னாயே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்தல்லவா அவ்வளவு அடுப்பும், அவ்வளவு வேவும்!

எனவே, படித்தவர்கள் பழைய பத்திரிகைகளையும் புத்தகங்களையும் காகிதமாகவே பத்திரப்படுத்துங்கள். படிக்காதவர்கள் தாங்கள் கண்டதைப் பிள்ளைகளிடம் கண்டபடி சொல்லி வையுங்கள். ரே பிராட்பரி 1953-ல் எழுதிய கதையில், புத்தகங்களையெல்லாம் கொளுத்தும் நாட்டில், சிலர் ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டு காட்டோரம் திரிந்து காப்பாற்றுகிறார்கள். ஞாபகமும் ஓர் ஆயுதம் என்பதே அதன் கருத்து. எந்தத் தலைவர் பேசினாலும், போன தடவை என்ன சொன்னார் என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள். நம் தலைவர், நம் கட்சி, நம் பத்திரிகை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். நாம் சென்ற வருஷம் எழுதியதற்கு மாறாக இன்று எழுதினால், பழைய இதழை எடுத்து வந்து நம் முகத்துக்கு நேரே நீட்டி, எது சரி என்று கேளுங்கள். தவறியிருந்தால் தவறினோம் என்று ஒப்புக்கொள்ளுவது எமது கடமை. பழைய இதழைத் திருத்துவது அயோக்கியத்தனம்.

இரண்டும் இரண்டும் எத்தனை என்று உங்களை யார் கேட்டாலும், எத்தனை பேர் கூடி நின்று கேட்டாலும், அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டாம். உங்கள் விரலைப் பார்த்துச் சொல்லுங்கள்.