கையில் இருக்கும் முகவரி

அமெரிக்காவில் ஒரு சரித்திரப் பேராசிரியை இருக்கிறார். பெயர், ஹெதர் காக்ஸ் ரிச்சர்ட்சன். பாஸ்டன் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தவர்.

2019-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்க அரசியலில் ஒரே பரபரப்பு. அதைப் பற்றி அவர் பேஸ்புக்கில் ஒரு கட்டுரை எழுதினார். படித்தவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அவர் பதில் எழுதினார். மீண்டும் கேள்விகள். மீண்டும் பதில்கள்.

அந்த ஆண்டிலேயே அது இ-மெயில் கடிதமாக மாறியது. "ஓர் அமெரிக்கரின் கடிதங்கள்" என்று பெயர். சில ஆண்டுகளுக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் அந்தக் கடிதத்தைப் பெற்றார்கள்.

அவருக்கு அச்சகம் கிடையாது. பத்திரிகை முதலாளி கிடையாது. படிக்க விரும்புகிறவர்களின் முகவரி மட்டும் இருந்தது. அதுவே பெரிய மூலதனம்!

வாடகை வீடு

பேஸ்புக்கில் எழுதினாலும் கூட்டம் சேருமே, இ-மெயில் எதற்கு என்று சிலர் கேட்கலாம்.

கூட்டம் சேரும். ஆனால் அந்தக் கூட்டம் எழுதுகிறவருக்குச் சொந்தம் அல்ல.

"வைன்" என்று ஓர் இணையதளம் இருந்தது. 6 விநாடி ஓடும் சின்னச் சின்னப் படங்கள் அதில் வரும். அது ட்விட்டர் கம்பெனிக்குச் சொந்தம். இளைஞர்கள் பலர் அதில் பெயர் வாங்கினார்கள். லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்தார்கள். 2016 அக்டோபரில், "வைன்" மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. 2017 ஜனவரியில் மூடியே விட்டார்கள்.

ரசிகர்களின் முகவரி யாரிடம் இருந்தது? கம்பெனியிடம்! ஆடிப் பாடிச் சிரிக்க வைத்தவர்களிடம் இல்லை. வேறு இடத்துக்குப் போய் அவர்கள் மீண்டும் கூட்டம் சேர்க்க வேண்டியதாயிற்று.

இன்னொரு கதையும் உண்டு. இ-மெயில் கடிதம் அனுப்ப உதவும் "ரெவ்யூ" என்ற நிறுவனத்தை அதே ட்விட்டர் 2021-ல் வாங்கியது. 2023 ஜனவரியில் அதையும் மூடியது. ஆனால் இந்தத் தடவை எழுத்தாளர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை. சந்தாதாரர் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குக் குடிபோக முடிந்தது.

இரண்டு கதைக்கும் வித்தியாசம் ஒன்றுதான். அது முகவரி!

வளர்ப்பது எப்படி?

முகவரியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடையில் விலைக்கு வாங்கக்கூடாது. கேட்காதவர் வீட்டில் போடும் கடிதம் குப்பைக்குத்தான் போகும்.

2024-ல் கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பான விதி கொண்டு வந்தன. ஏராளமாகக் கடிதம் அனுப்புகிறவர், "இனி வேண்டாம்" என்று வாசகர் ஒரே தட்டில் விலகிக்கொள்ள வழி வைக்க வேண்டும். 1,000 கடிதத்துக்கு 3 புகார் என்ற அளவை எட்டினாலே ஆபத்து. கடிதங்கள் போய்ச் சேராது.

போகிறவரைப் பிடித்து நிறுத்தக்கூடாது. கதவு திறந்திருந்தால்தான் உள்ளே வர ஜனங்களுக்குத் துணிவு பிறக்கும்.

அடுத்தது, நாள் தவறாமை. பால்காரர் ஒரு நாள் வந்து மூன்று நாள் வராவிட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளைப் பார்ப்பார். கடிதமும் அப்படித்தான். ரிச்சர்ட்சன் களைப்பான நாளில் ஒரு படத்தை மட்டுமாவது அனுப்பி வைப்பார்.

வரவு செலவு

2017-ல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய "சப்ஸ்டாக்" நிறுவனம் கடிதம் அனுப்ப இடம் கொடுக்கிறது. இலவசக் கடிதத்துக்குக் கட்டணம் இல்லை. சந்தா வசூலித்தால் 100-க்கு 10 எடுத்துக்கொள்ளும். மாதம் 5 டாலர் வீதம் 100 பேர் கட்டினால் வசூல் 500 டாலர். அதில் 50 டாலர் நிறுவனத்துக்குப் போகும். பணம் வசூலித்துக் கொடுக்கும் செலவு தனி.

"கோஸ்ட்" என்று இன்னொன்று இருக்கிறது. அது லாப நோக்கம் இல்லாதது. சந்தாவில் பங்கு கேட்காது. மாத வாடகை மட்டும் வாங்கும்.

படிக்கிறவர் எல்லோரும் பணம் கட்டமாட்டார்கள். சிறு பகுதியினரே கட்டுவார்கள். அதை நம்பி முதல் மாதமே வேலையை விடுவது புத்திசாலித்தனம் அல்ல. ரிச்சர்ட்சன் கடிதம் தொடங்கியபோது கல்லூரி வேலையை விடவில்லை. கடிதத்தையும் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தார். முடிந்தவர் பணம் கட்டினார்கள். ஏழையும் படித்தார், பணக்காரரும் படித்தார்.

பொறுப்பும் கூட வருகிறது

தனியாக எழுதுகிறவருக்கு விடுமுறை இல்லை. தவறைத் திருத்த ஆசிரியர் இல்லை. ஒரு பொய் புகுந்தால் அது ஒரே நொடியில் அத்தனை வீட்டுக்கும் போய்விடும். அனுப்பிய கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாது. ரிச்சர்ட்சன் செய்தி எங்கே கிடைத்தது என்பதைக் கடிதத்தின் அடியில் குறிப்பிடுகிறார். சந்தேகப்படுகிறவர் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஒருவர் தம் முகவரியைக் கொடுக்கிறார் என்றால், வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் கொடுக்கிறார் என்று பொருள். திண்ணையில் உட்கார்ந்தவர் நல்ல சேதி சொன்னால், "நாளைக்கும் வாருங்கள்" என்பார். தொல்லை கொடுத்தால் கதவைச் சாத்துவார்.

கூட்டத்தை எண்ணுவதைவிட அந்தத் திண்ணையைக் காப்பாற்றிக்கொள்வதே பெரிது. 100 பேர் நம்பிப் படித்தாலும் போதும். அந்த 100 பேர்தான் அடுத்த 100 பேரைக் கூட்டி வருவார்கள்!