டார்ச் வாங்கப் போகிறவர்களுக்கு

"ஒரு கிலோமீட்டர் அடிக்கும் சார்" என்று நாகர்கோவில் கடைகளில் நீட்டுவார்கள். வாங்காதீர்கள். பூதப்பாண்டியில் ராத்திரி வயல்வரப்பில் நடக்கிற நமக்குத் தெரியவேண்டியது தாடகை மலை உச்சியா, காலடியில் கிடக்கும் பாம்பா? 100 லூமென் தாராளம். ஒளி குவியாமல் பரவவேண்டும், அவ்வளவுதான். பிரெஞ்சுப் பள்ளியில் டார்ச்சை 'லாம்ப் தெ போஷ்' என்று சொல்லித் தந்தார்கள். சட்டைப்பை விளக்கு! பையில் அடங்காததை நம் வயதில் யார் தூக்கிக்கொண்டு நடப்பது?

மலிவான சார்ஜ் டார்ச்சுகள் பலவற்றில் இருப்பது ஈய-அமில பேட்டரி. மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் அலமாரியில் கிடந்தால் செத்துவிடும். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தபின் நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. எங்கே போய் சார்ஜ் போடுவது? பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் செல் இரண்டு போடுகிற எல்.இ.டி. டார்ச்தான் என் கட்சி. சும்மா கிடக்கும்போது செல்லைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் ஸ்பிரிங் அரித்துப்போகும்.

கீரிப்பாறைப் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் கதை வேறு. கை இரண்டும் வேலைக்கு வேண்டும். தலையில் கட்டும் விளக்குதான் சரி. தினமும் எரிப்பதால் லித்தியம் பேட்டரி அவர்களுக்குக் கட்டும். மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று மட்டும் திறந்து பார்த்து வாங்கட்டும். நம்மூர் மழைக்கு அது இல்லாமல் ஆகாது.