அந்த ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்



நம் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. மேற்கு சிட்னியில் நம் பகுதியில் இருக்கும் கிளப் ஒன்று போக்கி எனும் சூதாட்ட மெஷின்கள் இன்னும் சில வைக்க அனுமதி கேட்கிறது. தமிழ்ப் பள்ளிக்கும் கலைவிழாவுக்கும் தாங்கள் செய்த உதவியைச் சொல்லி நாலு வரி எழுதித் தரும்படி பணிவாகக் கேட்டிருக்கிறார்கள். கடிதத்தை அவர்களே எழுதி இணைத்தும் விட்டார்கள். தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும். செயற்குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. அதற்குள் இதை நிறுத்தியாக வேண்டும்.

நம் நாலு வரி அவர்களுக்கு எதற்கு? நியூ சவுத் வேல்ஸில், சூதாட்டப் பாதிப்பு மிக அதிகம் என்று வகுக்கப்பட்ட இடங்களில் 2018 முதல் மெஷின் எண்ணிக்கையைக் கூட்டவே முடியாது. நம் பகுதி அதற்கு ஒரு படி கீழே. இங்கே கூட்ட வேண்டுமானால், ஊருக்கு என்ன நன்மை செய்கிறோம் என்று, அனுமதி தரும் மாநிலச் சூதாட்ட ஆணையத்துக்குக் கிளப் காட்ட வேண்டும். அந்த நன்மைக்குச் சாட்சியாகத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வேலையில், தொட்டில் நன்றாக ஆடுகிறது என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

சரி, அந்த உதவிதான் யாருடைய காசு? போன பொங்கல் விழா மேடையில் கதவளவு அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சிரித்தோமே, அந்தக் காசைச் சொல்கிறேன். ‘கிளப் கிராண்ட்ஸ்’ திட்டத்தின் கணக்கு இது. மெஷின்களில் மக்கள் தோற்கும் பணம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 1.85 சதவீதம் வரை கிளப் ஊருக்குக் கொடுக்கலாம்; கொடுத்ததைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். 2 கோடியே 10 லட்சம் டாலர் வாரும் கிளப் ஒன்று இருந்தால், அது இப்படிக் கொடுத்துக் கழிப்பது அதிகபட்சம் 3 லட்சத்து 70 ஆயிரம். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்க வேண்டிய வரி, கிளப்பின் சின்னத்தோடு நம் மேடைக்கு வருகிறது. நாமும் பொன்னாடை போர்த்துகிறோம்!

இந்த மாநிலத்தில் ஏறத்தாழ 87,000 மெஷின்கள். ஆண்டுக்குச் சுமார் 800 கோடி டாலர் தோற்கிறார்கள். அதில் ஃபேர்ஃபீல்ட் நகரசபைப் பகுதி மட்டும் 50 கோடிக்கு மேல். அகதிகளாக வந்தவர்களும் கூலி வேலைக்காரரும் நெருக்கி வாழும் ஊர் அது. கடற்கரையோரப் பணக்காரப் பகுதிகளில் இந்த அளவுக்கு வாருவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு தாய், சம்பளம் விழும் நாளில் கணவரின் வங்கி அட்டையைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். “அவர் கெட்டவரில்லை அண்ணா. காசு விழுந்த அண்டைக்கு மட்டும் கால் அங்க போகுது” என்றார். அந்தப் பிள்ளையின் பாடப்புத்தகத்தைக் கிளப் காசில்தான் அச்சடித்தோம். அப்பன் அங்கே தோற்ற காசில் எத்தனை புத்தகம் அச்சடித்திருக்கலாம்?

“நாம் எழுதாவிட்டால் வேறு சங்கம் எழுதும்” என்கிறார்கள். எழுதட்டும். நம் பெயர் அதில் இருக்கக் கூடாது. “காசு இல்லாமல் பள்ளியை எப்படி நடத்துவது?” என்பது நியாயமான கேள்வி, பொருளாளரின் கவலை எனக்குப் புரிகிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு முதல் கிராண்ட் வேண்டாம் என்பது என் கருத்து, அதைப் பிறகு சண்டை பிடித்தே முடிவெடுப்போம். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் கசினோவைத் தவிர எங்கேயும் போக்கி மெஷின் கிடையாது. அங்கேயும் சங்கங்கள் நடக்கின்றன, பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். (லாட்டரிக் காசில் அங்கும் மானியம் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம்.) ஆனால் கடிதம் இந்த வாரத்து விஷயம். கையெழுத்து விழுந்துவிட்டால், மெஷினால் உடைந்த குடும்பம் நாளைக்கு நம் வாசலுக்கு வரும்போது எந்த வாயால் பேசுவோம்?

சங்க யாப்புப்படி போதிய உறுப்பினர்கள் கேட்டால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். கோரிக்கைத் தாள் தயார். வியாழன் இரவுக்குள் வந்து ஒப்பமிடுங்கள். வெள்ளிக்கிழமை செயற்குழு நடக்கும்போது மண்டப வாசலில் நிற்போம். சத்தம் போட வேண்டாம், நின்றால் போதும்.

அதோடு, ஆணையத்துக்கு யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். உங்கள் தெருவில் கண்டதை எழுதுங்கள். ஆங்கிலம் வராதவர்கள் தமிழில் எழுதித் தாருங்கள், இளையவர்கள் மொழிபெயர்ப்பார்கள். நேபாளிச் சங்கத்துக்கும் அசிரியச் சங்கத்துக்கும் இதே கடிதம் போயிருக்கக்கூடும். அங்கே ஆளைத் தெரிந்தவர்கள் இன்றிரவே தொலைபேசியை எடுங்கள்.