நெற்றியைக் காட்டுங்க!

2025 ஜனவரியில் ஒரு நாள், அம்மா ஒரே சாயங்காலத்தில் மூன்று முறை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுவிட்டார். சீனாவில் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழியும் வீடியோவை யாரோ உறவுக்காரர்கள் குழுவில் போட்டிருக்கிறார்கள். சென்னையில் ஒருவருக்கும் சேலத்தில் ஒருவருக்கும் எச்.எம்.பி.வி. என்று டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கல்லாம் மாஸ்க் போட ஆரம்பிச்சுட்டாங்களாப்பா?"

"இது புதுசு இல்லம்மா. 2001லயே நெதர்லாந்துல கண்டுபிடிச்ச கிருமி. நம்ம எல்லாருக்கும் சின்ன வயசுலயே வந்துட்டுப் போயிருக்கும்."

அம்மாவுக்கு நெதர்லாந்து ஆறுதல் தரவில்லை. கடைசியில் அவரே ஒரு ஆறுதலைக் கண்டுபிடித்துக்கொண்டார். "உனக்கென்ன, சிங்கப்பூர்ல இருக்கே. அங்கல்லாம் சுத்தம்."

அந்த ஒரு வார்த்தைதான் இந்த வாரம் என்னை எழுத வைத்தது.

சுத்தம் என்பது பொய்யில்லை. எச்சில் துப்பினால் அபராதம். பொதுக் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாமல் வந்தால் அபராதம். 2021 செப்டம்பரில் இருந்து, உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துக்கொண்டு போய் வைக்காவிட்டாலும் நடவடிக்கை உண்டு. 'சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருப்போம்' என்று லீ குவான் யூ இயக்கம் தொடங்கியது 1968ல். இரண்டு தலைமுறையாக ஊறிய பழக்கம் இது.

ஆனால் அம்மா மனதில் இருக்கும் சிங்கப்பூர் மெரினா பே. நான் இருப்பது துவாஸ். பச்சை ரயில் பாதை தீர்ந்துபோகிற மேற்கு ஓரம். கப்பல் கட்டும் தளங்கள், கிரேன்கள், தொழிற்சாலைகள், எங்களைப் போன்றவர்கள் தங்கும் விடுதிகள். லிட்டில் இந்தியா போக வேண்டும் என்றால், துவாஸ் லிங்க்கில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

2020 பிப்ரவரி 7ஆம் தேதி, அரசு எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தியது. அன்று மாலையே சூப்பர் மார்க்கெட்டுகளில் அரிசி, நூடுல்ஸ், டாய்லெட் பேப்பர் எல்லாம் காலி. எங்கள் அறையில் ஒரே சிரிப்பு. "அரிசிய எடுத்தான், சரி. பேப்பர எதுக்குடா எடுத்தான்? நமக்கு ஒரு மக்கு தண்ணி போதுமே!" என்றார் மன்னார்குடி அண்ணன். எங்கள் அறையில் எல்லோரையும் ஊர்ப்பெயரால்தான் கூப்பிடுவோம். நான் புதுக்கோட்டை.

அந்த நேரத்தில் எங்கள் தளத்தில் சிரிக்காத ஒரே ஆள், போர்மேன் அங்கிள். சிங்கப்பூர்ச் சீனர். 2003 சார்ஸ் நோயை நேரில் பார்த்தவர். அப்போது இங்கே 238 பேருக்கு நோய் வந்து 33 பேர் இறந்தார்கள். டான் டோக் செங் மருத்துவமனையை முழுக்க அதற்காகவே ஒதுக்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தெர்மாமீட்டர் கொடுத்தார்கள். அதிலிருந்து லேசாகச் சளி பிடித்தாலும் அங்கிள் மாஸ்க் போட்டுக்கொள்வார். "எனக்கு வராம இருக்க இல்ல, என்கிட்டேருந்து உனக்கு வராம இருக்க" என்று உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினார். மாஸ்க்குக்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தெரிந்தும் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை. விடிகாலை நாலரைக்கு எழுந்தால் உடம்பு அனல். தளத்தின் வாசலில் செக்யூரிட்டி, துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டரோடு நிற்பார். "நெற்றியைக் காட்டுங்க!" முப்பத்தெட்டு வந்தால் உள்ளே விட மாட்டார்கள்.

டாக்டரிடம் போனால் எம்.சி. கிடைக்கும். சட்டப்படி அன்றைக்கு அடிப்படைச் சம்பளமும் கிடைக்கும். ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்குப் பதினான்கு நாள் அப்படி உண்டு. ஆனால் எங்கள் பிழைப்பு அடிப்படைச் சம்பளத்தில் ஓடுவதில்லை. ஓ.டி.யில் ஓடுகிறது. ஒரு மணிக்கு ஒன்றரை மடங்கு. ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அடிக்கடி எம்.சி. எடுத்தால் பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. உண்மையோ பொய்யோ, பயம் உண்மை.

இரண்டு பனடால் போட்டேன். பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினேன். லாரியில் முன்பக்கம் காற்றுப் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். வாசலில் 36.8. உள்ளே போய்விட்டேன். இப்படி நான்கு நாள்.

நான் படுத்திருந்தது மேல் கட்டில். கீழ்க் கட்டிலில் மன்னார்குடி அண்ணன்.

ஏப்ரல் 5ஆம் தேதி, புங்கோலிலும் தோ குவானிலும் இரண்டு விடுதிகளைத் தனிமைப்படுத்தினார்கள். கிட்டத்தட்ட 20,000 பேர். அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் விடுதியும் பூட்டியாகிவிட்டது. சுவரில் தமிழிலேயே போஸ்டர் ஒட்டினார்கள்: ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள், இருபது நொடி கை கழுவுங்கள். அறையில் நாங்கள் பன்னிரண்டு பேர், ஆறு இரட்டைக் கட்டில். மேல் கட்டிலுக்கும் கீழ்க் கட்டிலுக்கும் ஒரு மீட்டர் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பார்த்தான் எங்கள் அறந்தாங்கித் தம்பி. சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு, முழுக் கவச உடையில் இரண்டு பேர் வந்து அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள். பாசிட்டிவ். ஒரு பையில் இரண்டு கைலி, போன் சார்ஜர், பிள்ளைகள் போட்டோ. படி இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "வீட்டுக்குச் சொல்லிடாதீங்கடா" என்றார். மூன்று வாரம் கழித்து இளைத்துத் திரும்பி வந்தார்.

அந்த ஆண்டு டிசம்பரில் அரசே கணக்குச் சொன்னது. விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துச் சொச்சம் தொழிலாளர்களில் 47 சதவீதம் பேருக்கு நோய் வந்து போயிருக்கிறது. பெரும்பாலும் இளவயதுக்காரர்கள் என்பதால் உயிர்ச்சேதம் மிகக் குறைவு. நகரத்தில் இருந்தவர்கள் செய்தது போல நாங்களும் கை கழுவினோம், மாஸ்க் போட்டோம். சுத்தத்தில் குறைச்சல் இல்லை, இடத்தில்தான் குறைச்சல். இதை அரசும் உணர்ந்தது. 2021ல் புதிய விடுதிகளுக்கு விதி போட்டார்கள்: அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை.

என் காய்ச்சல் கொரோனாவா, சாதாரணச் சளியா, இன்றுவரை தெரியாது. ஆனால் இரண்டு வருடம் அது தொண்டையில் முள்ளாக இருந்தது. 2022ல் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு, பாஸ் பதிவு செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் லிட்டில் இந்தியா போனோம். வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, டேக்காவில் டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "யாருகிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு யாருடா கண்டா? நானும் அதே வாரம் ரெண்டு நாள் மாத்திரையப் போட்டுட்டுத்தான் வேலைக்கு வந்தேன்."

அன்று இரவு ரயிலில் எனக்கு அப்பாயி ஞாபகம் வந்தது. சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டபோது வாசலில் வேப்பிலை செருகினார். ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் வீட்டுக்குள் வரவில்லை, ஆனால் இளநீரும் மோரும் வாசல் திண்ணை வரை வந்தன. அப்பாவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. வரவில்லையே என்று கோபிக்கவும் இல்லை. வெளியூரில் இருந்து வந்தால் கால் கழுவாமல் உள்ளே நுழைய முடியாது. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் கேலி செய்திருக்கிறேன். அந்த வேப்பிலையில் கிருமி செத்ததோ இல்லையோ, ஒன்று நடந்தது: நோயை மறைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. மறைக்காமல் சொன்னால் நஷ்டமில்லை என்ற இடத்தில்தான் மனிதன் நெற்றியை நேர்மையாகக் காட்டுவான்.

நோய்ப் பீதி கிளம்பும்போதெல்லாம் நாம் சானிடைசர் வாங்குகிறோம். நல்லதுதான். கூடவே இன்னொன்றையும் யோசிக்கலாம். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, "இருமலா இருக்கு, ரெண்டு நாள் வரலை" என்று சொன்னால் சம்பளம் பிடிப்பீர்களா? பிடிப்பீர்கள் என்றால், அடுத்த முறை அவர் இருமலை முந்தானையில் மறைத்துக்கொண்டு உங்கள் சமையலறைக்கு வருவார். உங்கள் டீமில் இருக்கும் பையன் காய்ச்சலோடு ஆபீஸ் வந்து உட்கார்ந்தால், "டெடிகேஷன்" என்று பாராட்டுகிறீர்களா, வீட்டுக்கு அனுப்புகிறீர்களா? உங்கள் சானிடைசர் வேலை செய்வது அதற்குப் பிறகுதான்.

இப்போது நான் தளத்தில் சேப்டி கோஆர்டினேட்டர். தினமும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்பது என் வேலை. ஒரு கை உயராது. யார் யார் பனடால் போட்டிருப்பார்கள் என்று கண்ணைப் பார்த்தே எனக்குத் தெரியும். என்னைவிட அனுபவசாலி யார்?

போன மாதம் ஒரு நாள், புதிதாக வந்த பட்டுக்கோட்டைப் பையன் கை தூக்கினான். கிளினிக்குக்கு அனுப்பினேன். இரண்டு நாள் எம்.சி. அவன் இழந்த ஓ.டி.யை அடுத்த வாரம் அவனுக்கே கொடுக்கச் சொல்லி, சூப்பர்வைசரிடம் மன்றாடி வாங்கினேன். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் செய்தி தளம் முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்த வாரம் மீட்டிங்கில் கேட்டபோது இரண்டு கைகள் உயர்ந்தன. "ஒண்ணு நடிப்பு" என்று முணுமுணுத்தார் சூப்பர்வைசர்.

இருக்கட்டும். இன்னொன்று நிஜம்.