வொரண்டி கையில், பாகம் கப்பலில்!

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஐந்து வருடங்களாகப் பழைய வேனையும் லொறியையும் திருத்தித் திருத்தி ஓட்டிய நமது வர்த்தகர்களில் பலர் புதிய வாகனத்தின் பக்கம் திரும்பினார்கள். விலை கண்ணைக் கட்டியது. ஆனாலும் துணிந்து எடுத்ததற்கு ஒரு முக்கிய காரணம், வொரண்டி என்று நாம் சொல்லும் உத்தரவாதம். "மூன்று வருடம் அல்லது ஓர் இலட்சம் கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை கவலையே இல்லை" என்று விற்பனை மண்டபத்தில் சொல்லப்படுகிறது. அந்த வார்த்தையை நம்பித்தான் லீசிங் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறோம்.

புதிய வாகனம் பழுதடைவது ஒன்றும் அதிசயமல்ல. ஆயிரக்கணக்கான பாகங்கள் சேர்ந்த ஒரு இயந்திரத்தில் ஏதோ ஒன்று பிழைக்கத்தான் செய்யும். அதற்காகத்தானே உத்தரவாதம்? பிரச்சினை அதுவல்ல. வாகனத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "பழுது வொரண்டிக்குள் அடங்கும், ஒரு சதமும் தர வேண்டியதில்லை, ஆனால் பாகம் கையிருப்பில் இல்லை, ஓடர் போட்டிருக்கிறோம்" என்று வரும் பதில்தான் பிரச்சினை. கிழமைகள் போகும், மாதங்களும் போகும். தொலைபேசியில் கேட்டால் "பெக் ஓடரில் நிற்கிறது" என்பார்கள். அதாவது, தயாரிப்பாளரிடமே அந்தப் பாகம் தீர்ந்துவிட்டது, வந்தால் தருவார்கள் என்று பொருள்.

எனது கடைக்கு எடுத்த சிறிய லொறிக்கும் இதுவே நடந்தது. ஏழாவது மாதத்தில் கியர் மாறுவதில் கோளாறு. முகவரின் சேர்விஸ் நிலையத்தில் கம்பியூட்டரைப் பொருத்திப் பார்த்து, கியர் பொக்ஸைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி பழுது என்றார்கள். இரண்டு கிழமை என்று சொன்னார்கள். பெட்டி வந்தது பதினோராவது கிழமையில். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், பணமும் வாங்கவில்லை. ஆனால் அந்தப் பதினொரு கிழமையும் கடைச் சாமான் ஹயர் வாகனத்தில்தான் போய் வந்தது. அந்தச் செலவு எந்த உத்தரவாதப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கிழமை வாகனம் நின்றால், வேலை நாட்கள் 60. நமது வாகனத்துக்குச் செலவாகும் டீசலைக் கழித்துவிட்டு, ஹயர் வாகனத்துக்கு நாளொன்றுக்கு 6,000 ரூபா மேலதிகமாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 360,000 ரூபா. லீசிங் தவணை நிற்காது. உழைக்காத வாகனத்துக்கு மாதாமாதம் கட்டுகிறோம். சாரதியின் சம்பளம் நிற்காது. காப்புறுதியும் ஓடிக்கொண்டிருக்கும், விபத்தென்றால் பணம் தரும் காப்புறுதி இயந்திரக் கோளாறுக்குத் தராது. எல்லாவற்றுக்கும் மேலாக உத்தரவாதக் காலமும் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வருட உத்தரவாதத்தில் இரண்டரை மாதத்தைக் கராஜுக்குள்ளேயே கழித்துவிட்டு வருகிறோம். இலவசமாகக் கிடைத்த பாகத்தின் விலையை விட, அதற்காகக் காத்திருந்த செலவு பல மடங்காகிவிடுகிறது.

இங்கேதான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம் இருக்கிறது. நமக்குத் தரப்படும் உத்தரவாதம் பணத்துக்கானது; நாளுக்கானது அல்ல. "இலவசமாகத் திருத்தித் தருவோம்" என்று எழுதியிருக்கும். "இத்தனை நாளுக்குள்" என்று தேடிப்பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. வீட்டுப் பாவனைக்குக் கார் வைத்திருப்பவருக்கு அது சிரமம். வாகனத்தை வைத்து உழைப்பவருக்கோ நாள்தான் பணம்.

பாகம் ஏன் வருவதில்லை? இதில் எல்லாம் முகவரின் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஒயில் பில்டர், பிரேக் பேட், பெல்ட் போன்று தினமும் விற்பனையாகும் சாமான்களை முகவர் தனது களஞ்சியத்தில் வைத்திருப்பார். மின்னணுப் பெட்டி, வயரிங் தொகுதி, ஸ்டியரிங் தொகுதி போன்றவை எப்போதாவது ஒன்றுதான் தேவைப்படும். அவற்றில் பணத்தை முடக்க எந்த வியாபாரிக்கும் மனம் வராது. நாமும் அப்படித்தான் சாமான் எடுக்கிறோம். ஆகவே தேவை வந்த பின்னர்தான், வாகனத்தின் சேசி இலக்கத்தைக் கொடுத்து வெளிநாட்டுக் களஞ்சியத்துக்கு ஓடர் போகிறது. அங்கே இருந்தால் வரும். இல்லாவிட்டால் தொழிற்சாலைக்குப் போகும்.

தொழிற்சாலையிலோ புதிய வாகனங்களைப் பொருத்தும் வரிசைக்குத்தான் முதலிடம். நன்றாக விற்பனையாகும் புதிய மொடலின் பாகங்கள் அந்த வரிசைக்கே போதாமல் இருக்கும்போது உதிரிப்பாகத்துக்கு எங்கிருந்து ஒதுக்குவது? அதனால்தான் பதினைந்து வருடப் பழைய வேனின் பாகம் பஞ்சிகாவத்தையில் அரை மணித்தியாலத்தில் கிடைக்கிறது. ஏழு மாதப் புதிய வாகனத்தின் பாகம் கொழும்பு முழுவதும் தேடினாலும் கிடைப்பதில்லை. பழைய மொடல்கள் உடைக்கப்பட்டுப் பாகமாகச் சந்தைக்கு வந்துவிட்டன; புதியவை இன்னும் வீதியில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

உலக நிலைமையும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2011இல் ஜப்பானில் நிலநடுக்கமும் அதே வருடம் தாய்லாந்தில் வெள்ளமும் வந்தபோது வாகனப் பாகங்களின் விநியோகம் ஸ்தம்பித்தது. 2021இல் மின்னணுச் சில்லுத் தட்டுப்பாட்டால் பெரிய தொழிற்சாலைகளே உற்பத்தியைக் குறைத்தன. 2023இன் இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலான கப்பல்கள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. நமது நாட்டிலும் 2022இல் டொலர் இல்லாமல் நாணயக் கடிதம் திறக்க முடியாதிருந்ததை எந்த வர்த்தகரும் மறந்திருக்கமாட்டார்.

இவை உண்மையான காரணங்கள். ஆனால் இவற்றுக்குப் பின்னால் இன்னொன்றும் மறைந்திருக்கிறது. பாகத்தைக் கப்பலிலும் எடுக்கலாம், விமானத்திலும் எடுக்கலாம். வாகனம் ஓட முடியாமல் நிற்கிறது என்று குறிப்பிட்டு அவசர ஓடர் போடும் வழி பெரும்பாலான கொம்பனிகளிடம் உண்டு. அதற்குக் கட்டணம் கூட. ஏர் பேக், லிதியம் பெட்டரி போன்றவை ஆபத்தான சரக்கு என வகைப்படுத்தப்பட்டவை. அவற்றை விமானத்தில் ஏற்றக் கட்டுப்பாடுகள் இருப்பது உண்மை. ஒரு சிறிய மின்னணுப் பெட்டிக்கு அந்தத் தடை இல்லை. உத்தரவாதத் திருத்தத்தில் வாடிக்கையாளரிடமிருந்து வருமானம் கிடையாது என்பதால் விமானக் கட்டணத்தை யார் ஏற்பது என்ற கேள்வி எழுகிறது. வாடிக்கையாளர் கேட்காவிட்டால் அந்தக் கேள்விக்குக் கப்பல்தான் பதில்.

சட்டம் என்ன சொல்கிறது? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் விற்கப்படும் பொருளின் தரத்தைப் பற்றிப் பேசுகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், கொடுத்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றி அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். பொருளைப் பாவிப்பவர் எவரும் நுகர்வோரே என்பதால், கடைக்காக எடுத்த வாகனம் என்று ஒதுங்கியிருக்கத் தேவையில்லை. ஆனால் உத்தரவாதத் திருத்தத்துக்கான பாகம் இத்தனை நாளுக்குள் வந்தாக வேண்டும் என்று இந்த இரண்டு சட்டங்களும் வரையறுக்கவில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பாருங்கள். மலேசியாவின 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், திருத்தும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்வது பற்றித் தனிப் பிரிவே இருக்கிறது. சிங்கப்பூரில் 2012 செப்டெம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, குறையுள்ள பொருளை நியாயமான காலத்துக்குள், வாடிக்கையாளருக்குப் பெரிய அசௌகரியம் ஏற்படாமல் திருத்தித் தர வேண்டும். தவறினால் விலைக் குறைப்போ பணத்தைத் திருப்பிக் கேட்பதோ வாடிக்கையாளரின் உரிமையாகிறது. நமது வர்த்தகர் சங்கங்கள் வரியைப் பற்றியும் வாகன விலையைப் பற்றியும் குரல் கொடுக்கின்றன. இந்த நாள் கணக்கைப் பற்றியும் கேட்டால் என்ன?

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன்னரே செய்யக்கூடியவை உண்டு. விற்பனை மண்டபத்தில் கேட்பதோடு நின்றுவிடாமல் உதிரிப்பாகக் கவுன்டருக்கும் போங்கள். அந்த மொடலின் ஹெட்லைட், விண்ட்ஸ்கிறீன், ரேடியேட்டர் கையிருப்பில் உண்டா, விலை என்ன என்று கேளுங்கள். அவையே இல்லை என்றால் மின்னணுப் பெட்டி எங்கே இருக்கப் போகிறது? உத்தரவாதம் தயாரிப்பாளருடையதா, இறக்குமதி செய்தவர் தானாகக் கொடுப்பதா என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். முகவர் அல்லாத இறக்குமதியாளரிடம் எடுத்த வாகனத்தை, அதே கொம்பனியின் இலங்கை முகவர் உத்தரவாதத்தில் ஏற்பார் என்று எண்ணிவிடக் கூடாது. திருத்துமிடம் எங்கே என்பதும் முக்கியம். காத்தான்குடியில் கடை வைத்திருப்பவர் நின்றுபோன வாகனத்தை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் கட்டி இழுத்துக் கொழும்புக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், அந்தச் செலவு யாருடையது?

பழுது வந்துவிட்டால் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்படைத்த திகதி, கிலோமீற்றர், கோளாறு ஆகியவை ஜொப் கார்டில் இருக்க வேண்டும். பாகத்தின் இலக்கம், ஓடர் போட்ட திகதி, அது கப்பலிலா விமானத்திலா, எப்போது வரும் என்பவற்றைக் கடிதத்தில் கேளுங்கள். "ஓடர் போட்டாயிற்று" என்ற வாய்ச்சொல்லுக்கும் ஓடர் இலக்கத்துக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மாற்று வாகனம் கேளுங்கள். நின்ற நாட்களை உத்தரவாதக் காலத்தோடு சேர்த்துத் தரும்படியும் கேளுங்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் கிடைக்காது. கேட்காதவருக்கு நிச்சயமாகக் கிடைக்காது. பதில் வராவிட்டால் தலைமையகத்துக்கும், சேசி இலக்கத்தைக் குறிப்பிட்டுத் தயாரிப்பாளருக்கும் எழுதுங்கள். முறைப்பாட்டுக்குக் காலவரையறை உண்டு என்பதால் நுகர்வோர் அதிகார சபைக்கும் தாமதிக்காமல் எழுதுங்கள். அவசரத்தில் வெளியே ஒரு பாகத்தை வாங்கிப் போடுவதாயிருந்தால், முகவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் செய்ய வேண்டாம். பின்னர் வரும் கோளாறுக்கெல்லாம் அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

இனி, இதே நாணயத்தின் மறுபக்கம். நம்மில் எத்தனை பேர் தையல் மெஷின், தண்ணீர் மோட்டார், குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி விற்கிறோம்? "ஒரு வருட வொரண்டி" என்று நாமும் ரசீதில் முத்திரை குத்துகிறோம். பழுதாகி வந்தால் "கொம்பனிக்கு அனுப்பியிருக்கிறோம், பாகம் வரவில்லை" என்பதுதான் பல கடைகளில் பதில். வீட்டில் தைத்து நாலு காசு தேடும் ஒரு பெண்ணுக்கு அந்த மெஷின்தான் லொறி. அது ஒரு மாதம் நின்றால் அவருடைய நட்டம் நமது நட்டத்தை விடச் சிறியதல்ல.

ஒரு பிராண்டை எடுத்து விற்பதற்கு முன்னர் அதன் பாகம் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும் என்று மொத்த வியாபாரியிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு மொடலிலும் ஒன்றை விற்காமல் பாகத்துக்காகவே ஒதுக்கி வைக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அதில் முடங்கும் பணம் கொஞ்சம். தேடித் தரும் வாடிக்கையாளர் அதிகம். மாற்று மெஷின் ஒன்றைக் கொடுத்தனுப்புவதற்கும் பெரிய முதலீடு தேவையில்லை.

அடுத்த முறை முகவரிடம் "எத்தனை நாள்?" என்று எழுத்தில் கேளுங்கள். அதே கேள்வியை நமது கடைப் படியேறி வந்து ஒருவர் கேட்டால், ரசீதின் பின்பக்கத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொடுக்க நாமும் தயாராக இருப்போம்.