மணவாளக்குறிச்சியின் கருமணல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில் இருக்கிறது மணவாளக்குறிச்சி. மேற்குத் தொடர்ச்சி மலைதான் தெற்கே நீண்டு இந்த ஊருக்குச் செல்வம் தருகிறது. மழையிலும் வெயிலிலும் சிதைந்த பாறையின் துகள்களை வள்ளியாறு போன்ற ஆறுகள் கடலில் சேர்க்க, அலை அவற்றைக் கரைக்குத் தள்ளுகிறது. லேசான வெண்மணல் அலையோடு திரும்பிவிடும். கனமான கருமணல் கரையிலேயே தங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தப் படிவு மிகும்.

மணலின் கருமைக்குக் காரணம் இல்மனைட். அதோடு ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் ஆகியவையும் கலந்திருக்கின்றன. உலகம் முதலில் தேடி வந்தது மோனசைட்டை. அதிலுள்ள தோரியம் இல்லாமல் அந்தக் காலத்து கேஸ் விளக்கின் மேன்டில் கிடையாது. நம் கல்யாண ஊர்வலங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸுக்கும் அந்த மேன்டில்தான் வெளிச்சம் தந்தது. திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுகொண்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் கை விலகி, தொழில் ஆங்கிலேயர் வசமானது. மின்விளக்கு பரவி மேன்டிலின் தேவை குறைந்தபோது இல்மனைட் முன்னுக்கு வந்தது. வெள்ளைப் பெயின்டுக்கான டைட்டானியம் டையாக்சைடு அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 1950-இல் தொடங்கப்பட்ட இந்திய அருமணல் நிறுவனம் 1960-களில் இந்த ஆலையை ஏற்றது. அணுசக்தித் துறையின் கீழ் அது இன்றும் இயங்குகிறது.

ஆலைக்குள் நடப்பது பெரும்பாலும் பிரிக்கும் வேலைதான். நீரோட்டத்தில் கனமான மணல் தனியாகும். இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்க்கான் கடத்தாது. அந்த வேறுபாட்டை வைத்து இரண்டையும் பிரிக்கிறார்கள். பிரித்தவை வெளியூர் போய்ப் பெயின்டாகவும், டைல்ஸாகவும், உப்புத்தாளாகவும் மாறுகின்றன. மோனசைட்டைப் பக்குவப்படுத்தும் ஆலை 1952-இல் கேரளத்து ஆலுவாவில் அமைந்தது. மணலின் மதிப்பு பல மடங்காகும் இடம் எதுவும் இந்தக் கரையில் இல்லை. ஊருக்கு மிஞ்சுவது ஆலை வேலையும், மணல் அள்ளும் கூலியும், லாரி வாடகையும்தான். நூறாண்டுக்கு மேல் மணல் கொடுத்த ஊருக்கு இது மிகக் குறைவு.

சின்னவிளை, பெரியவிளை, கடியபட்டணம் என்று வரிசையாக இருக்கும் கரையூர்களுக்குச் சோறு போடுவது கடல். வள்ளமும் ஃபைபர் படகும் ஏற்றி வைக்க, வலை உலர்த்த, மீன் ஏலம் விட, எல்லாவற்றுக்கும் கரை வேண்டும். கரை மணல் அலையைத் தடுக்கும் அரணும்கூட. 2004 சுனாமி குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதைக் கண்ணால் பார்த்தவர்களிடம், மணலை எடுப்பதால் ஆபத்தில்லை என்று சொல்வது எளிதல்ல.

கதிரியக்கம் அடுத்த கவலை. தோரியம் கலந்த இந்த மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். இதேபோன்ற மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு புற்றுநோயைப் பேசும் கரையூர்களில் அச்சம் தீரவில்லை. வேறு ஊரின் ஆய்வைக் காட்டி அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. இங்கேயே மருத்துவப் பதிவு வைத்து, முடிவை ஊராருக்குத் தமிழில் சொல்வதுதான் முறை.

தனியார் தாதுமணல் எடுக்கத் தமிழக அரசு 2013-இல் தடை விதித்தது. 2019-இல் மத்திய அரசு கடற்கரைக் கனிமங்களை அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே ஒதுக்கியது. இப்போது இதே மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்துக் கரையில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபர் 1-ஆம் தேதி நடக்கவிருந்த கருத்துக் கேட்பு மக்களின் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு அத்தகைய கருத்துக் கேட்பே தேவையில்லை என்று அறிவித்தது. அதைத் திரும்பப் பெறச் சொல்லித் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.